கால் வாசிக்கிற கிட்டாருக்கு ஷூ வாங்கப் போறியா, தங்கச்சி?

பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்குறதுக்கு முன்னாடி நீ மாசக்கணக்கா விசாரிச்சே. ஒரு நெக்கா ரெண்டு நெக்கா, ஸ்டீல் பார் எவ்வளவு கனம், விரல்ல மாட்டுற பிக் எந்த அளவுன்னு எல்லாத்தையும் குடைஞ்சு குடைஞ்சு கேட்டே. காலுக்கு என்ன போடுறதுன்னு மட்டும் கேட்கவே இல்லை. நீ அனுப்பின வீடியோவைப் பார்த்தப்போதான் விஷயம் புரிஞ்சுது. ஜாகிங் போற தடி ஷூவோட உட்கார்ந்துக்கிட்டு, ஏ, பி ரெண்டு பெடலையும் மிதிக்கப் போய் பக்கத்துல சும்மா இருக்கிற சி பெடலையும் சேர்த்து உரசுறே. நாலாவது கம்பி ஏறிடுது, கார்டு கோணிக்குது, நீ முகத்தைச் சுளிக்கிறே. தப்பு கால்ல இல்ல கண்ணு, ஷூவுலதான்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக ஒரு வார்த்தை. பெடல் ஸ்டீல் மடியில வெச்சு வாசிக்கிற கிட்டார் இல்ல. நாலு கால் மேல மேஜை மாதிரி நிக்கும், கம்பியெல்லாம் மேல பார்த்திருக்கும். பின்னாடி உட்கார்ந்து வலது கையால மீட்டி, இடது கையில உருண்டையான எஃகுத் துண்டைக் கம்பி மேல வழுக்கவிட்டு வாசிக்கணும். கீழே இடது காலுக்குப் பெடல்கள், வலது காலுக்கு ஒலியைக் கூட்டிக் குறைக்கிற வாலியூம் பெடல், ரெண்டு முழங்காலுக்கும் பக்கத்துல லீவர்கள். ஈ9 ட்யூனிங்குல ஏ பெடல் அஞ்சாவது, பத்தாவது கம்பியை ஒரு முழுச் சுரம் ஏத்தும். பி பெடல் மூணாவது, ஆறாவது கம்பியை அரைச் சுரம் ஏத்தும். ரெண்டையும் சேர்த்து அழுத்தினா, கை இருந்த இடத்துலயே இருக்க, ஈ மேஜர் ஏ மேஜரா மாறிடும். 1954-ல கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸோட ‘ஸ்லோலி’ பாட்டு ஹிட் ஆச்சு. அதுல ஸ்டீல் வாசிச்ச பட் ஐசக்ஸ், கம்பி ஒலிச்சுக்கிட்டு இருக்கும்போதே பெடலை மிதிச்சு சுரத்தை வளைச்சார். அதைக் கேட்ட மத்த ஸ்டீல்காரங்க தங்களோட கிட்டாருக்கும் பெடல் வைக்க வழி தேடி அலைஞ்சாங்க. அன்னையிலிருந்து கன்ட்ரி பாட்டுல வர்ற அந்த விம்மல், இழுப்பு, ஏக்கம் எல்லாத்துலயும் காலுக்குப் பாதிப் பங்கு உண்டு.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான்: ஷூவும் வாத்தியத்துல ஒரு பாகம். முதல்ல ஷூவை முடிவு பண்ணு, அப்புறம் அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு கிட்டாரோட உயரத்தை வை. நிறைய பேர் வீட்டுல சாக்ஸோட உட்கார்ந்து எல்லாத்தையும் பொருத்திட்டு, மேடைக்கு பூட்ஸ் மாட்டிக்கிட்டுப் போறாங்க. அப்புறம் “இன்னிக்கு என்னவோ கால் சரியா வரலை”ன்னு புலம்புறாங்க.

வெறுங்காலா வாசிச்சா என்ன?

இந்தக் கேள்வி உனக்கு வரும்னு எனக்குத் தெரியும். நம்ம ஊர்ல செருப்பைக் கழட்டி விட்டுட்டுத்தானே மேடை ஏறுவோம். வீணையும் மிருதங்கமும் செருப்புக் காலைப் பார்த்ததில்லை. அந்தப் பழக்கத்துல இங்கயும் வெறுங்காலோட உட்காரத் தோணும்.

ஆனா இந்தப் பெடல் உலோகம். பாதம் முழுக்கத் தாங்குற அகலம் கிடையாது, விளிம்பும் இருக்கு. ஏ, பி ரெண்டையும் அழுத்திப் பிடிச்சபடி ஒரு மெதுவான வால்ட்ஸ் பாட்டை முடிச்சேன்னா, ரெண்டு பெடலோட விளிம்பும் உள்ளங்கால்ல கோடு போட்டிருக்கும். தினமும் வாசிச்சா அந்த இடம் கன்றிப்போகும். சாக்ஸ் போட்டுக்கிட்டு வாசிக்கிறவங்க நிறைய பேர் உண்டு, நல்ல கலைஞர்களும்கூட. பெடல் எங்கே இருக்குன்னு சாக்ஸுல தெரியுற அளவுக்கு வேற எதுலயும் தெரியாது, அது உண்மைதான். வீட்டுல ராத்திரி பயிற்சி பண்ண சாக்ஸ் போதும்னு சொல்றவங்களோட நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனா கொஞ்சம் வேர்த்தா வழுக்கும். வாலியூம் பெடல் மேல வலது கால் மெல்ல மெல்லப் பின்னாடி சரிஞ்சு வரும், நீ அதைக் கவனிக்கவும் மாட்டே.

வெளியே வாசிக்கிற இடம்னா வெறுங்காலும் வேண்டாம், சாக்ஸும் வேண்டாம். பார் மேடையில பீர் சிந்தியிருக்கும், கம்பி நறுக்கின துண்டு கிடக்கும், கேபிள் ஒட்டுற டேப் பிசுபிசுன்னு இருக்கும். முக்கியமானது கரண்ட். ஆம்ப்ளிஃபையருக்கு எர்த் சரியில்லாத பழைய கட்டடத்துல, ஈரத் தரையில வெறுங்காலை ஊனிக்கிட்டு ஒரு உலோக வாத்தியத்தைக் கையாலயும் காலாலயும் தொட்டுக்கிட்டு உட்காருறது விளையாட்டு இல்ல. ரப்பர் சோல் போட்டுட்டா எர்த் சரியாயிடும்னு அர்த்தம் இல்ல, அதைத் தனியா சோதிக்கணும். இருந்தாலும் தரைக்கும் காலுக்கும் நடுவுல ஏதாவது இருக்கட்டும்.

அப்புறம், ஸ்டீல் கிட்டார் பிறந்தது ஹவாய் தீவுல. அதுக்காக ஹவாய் செருப்பு மாட்டிக்கிட்டு உட்கார்ந்துடாதே! பின்பக்கம் பிடிமானமே இல்லாத செருப்பு, பெடலை விட்டுக் காலைத் தூக்குற ஒவ்வொரு தடவையும் குதிகாலை விட்டுத் தொங்கும். திரும்ப மிதிக்கும்போது செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

இடது கால்: இங்கேதான் விஷயம் இருக்கு

இடது காலோட வேலையைக் கொஞ்சம் நிதானமா பாரு. குதிகால் தரையில, முன்பாதம் ஏ, பி ரெண்டு பெடலுக்கும் நடுவுல. ரெண்டையும் சேர்த்து அழுத்துறது ஒரு வேலை. அழுத்தினபடியே ஒண்ணை மட்டும் விடுறது இன்னொரு வேலை. அப்போ காலைத் தூக்க மாட்டோம், கணுக்காலை ஒரு பக்கமா சாய்ப்போம். உன் கிட்டார் எமன்ஸ் முறையில அமைச்சது, அதாவது இடதுபக்கத்துல இருந்து ஏ, பி, சி. சுண்டுவிரல் பக்கம் ஏ மேல இருக்கும், கட்டைவிரல் பக்கம் பி மேல. ஏ மட்டும் வேணும்னா கால் வெளிப்பக்கம் சாயணும். டே முறையில வரிசை அப்படியே திரும்பி சி, பி, ஏன்னு வரும், அதனால ஏ மட்டும் வேணும்னா கால் உள்பக்கம் சாயும். பட்டி எமன்ஸ், ஜிம்மி டே ரெண்டு பேரும் கன்ட்ரி பாடகர் ரே பிரைஸோட பேண்டுல ஸ்டீல் வாசிச்சவங்க. எந்த முறை நல்லதுன்னு அவங்க ரசிகர்கள் இன்னிக்கும் அடிச்சுக்குறாங்க. கடையில ஷூ போட்டுப் பார்க்கும்போது எந்தப் பக்கம் சாய்ச்சுப் பார்க்கணும்னு தெரிஞ்சுக்கிட்டா நமக்குப் போதும்.

இந்தச் சாய்ப்புக்கு ஷூ மூணு விஷயத்துல ஒத்துழைக்கணும். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. சோல் பக்கவாட்டுல பிதுங்கி நிக்கக் கூடாது. முன்பாதம் பெடல் மேல லேசா நழுவணும், ஒட்டிக்கக் கூடாது.

ஓடுற ஷூ மூணுலயும் தோத்துப்போகும். ஓடும்போது கால் பிசகாம இருக்கத்தான் அதோட சோலைக் காலை விட அகலமா பரப்பி வெச்சிருக்காங்க. இங்கே நமக்கு வேண்டியதே கால் ஒரு பக்கமா சாயுறதுதான். அந்த அகல விளிம்புதான் பக்கத்துப் பெடலைத் தட்டுது. உள்ளே இருக்கிற மெத்தையும் இடைஞ்சல். பெடல் எந்த இடத்துல போய் நிக்குதுன்னு உள்ளங்காலுக்குத் தெரியவே தெரியாது. கம்பி முழுசா ஏறுறதுக்கு முன்னாடியே பாதியில நிறுத்தி ஒரு சின்ன நெளிவு கொடுக்கணும்னா, அந்தப் பாதி எங்கேன்னு கால் சொல்லணும். தடி நுரைக்கு மேல இருந்துக்கிட்டு அது எதைச் சொல்லும்?

“அப்போ எவ்வளவு மெல்லிசா இருக்கோ அவ்வளவு நல்லது”ன்னு அவசரப்பட்டு முடிவு கட்டிடாதே. ரொம்ப மெல்லிசா, துணி மாதிரி மடங்குற சோல்ல வேற தொல்லை வரும். ரெண்டு பெடலையும் அழுத்தும்போது நடுவுல இருக்கிற இடைவெளிக்குள்ள பாதம் வளைஞ்சு இறங்கும். பெடலை அழுத்துற பலத்துல பாதி பாதத்தை விறைப்பா வெச்சுக்கவே செலவாயிடும். ஒரு செட் முடியுறதுக்குள்ள பாதம் குறக்களி இழுக்கும். ஷூவோட ரெண்டு முனையையும் கையில பிடிச்சு வளைச்சுப் பாரு. விரல் மடங்குற இடத்துல மட்டும் மடங்கணும், நடுவுல மடங்கக் கூடாது. துணி பிழியுற மாதிரி முறுக்கினா கொஞ்சம் எதிர்ப்பு இருக்கணும். மெல்லிசு, ஆனா தொளதொளன்னு இல்ல. அப்படி ஒண்ணைத் தேடு.

அகலத்துக்கு ஒரு வழி சொல்றேன், இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஒரு பழைய நியூஸ் பேப்பரை எடுத்து பெடல்கள் மேல விரிச்சு வை. ஏ, பி, சி மூணோட விளிம்பையும் விரலால தடவிப் பார்த்து பேனாவால கோடு போடு. அந்தப் பேப்பரை மடிச்சு கைப்பைக்குள்ள வெச்சுக்கிட்டுக் கடைக்குப் போ. பிடிச்ச ஷூவைப் போட்டுக்கிட்டு, பேப்பரைத் தரையில போட்டு, முன்பாதத்தை ஏ, பி கோட்டு மேல வை. ஷூ ரெண்டு பெடலோட நடுப்பகுதியையும் நல்லா மூடணும், சி கோட்டைத் தொடக் கூடாது. பேப்பர் மேலயே ஏ பக்கம் சாய்ச்சுப் பாரு, பி பக்கம் சாய்ச்சுப் பாரு. பி, சி ரெண்டுக்கும் நகர்த்திப் பாரு. கடைக்காரர் ஒரு மாதிரியா பார்ப்பார், பார்க்கட்டும்.

உனக்குச் சின்னப் பாதம். பெண்களுக்குன்னு விக்கிற ஷூ பலதும் முன்னாடி கூராக் குறுகும், அதனால ஏ பெடலோட ஓரத்தைத்தான் அது பிடிக்கும், நடுவைப் பிடிக்காது. கூச்சப்படாம ஆண்கள் பகுதியிலயும், பெரிய பசங்க பகுதியிலயும் தேடு. விரல் இருக்கிற பக்கம் அகலமா, விரல் பரவி உட்காருற மாதிரி ஷூ இப்போ நிறைய வருது. பாதம் பெரிசா அகலமா இருக்கிற அண்ணன்மாருக்குப் பிரச்சினை நேர் எதிர். அவங்க விளிம்பு துளிகூட வெளியே நீட்டாத, மேல்தோலோட ஒட்டி வெட்டின சோலாப் பார்த்து வாங்கணும்.

வலது கால்

வலது கால் வாலியூம் பெடல் மேல ராத்திரி பூரா உட்கார்ந்திருக்கும். கம்பியை மீட்டினதும் ஒலி தேய ஆரம்பிக்கும். அது தேயத் தேய கால் கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி ஒலியை நிறுத்திப் பிடிக்கும். அந்த முடிவில்லாத இழுப்போட ரகசியம் அதுதான். அசைவு ரொம்பச் சின்னது, ஆனா ஓய்வே கிடையாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை பாதத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால கனமான ஷூ இந்தக் காலுக்கு ஆகாது. கையில தூக்கிப் பார்க்கும்போது “பரவாயில்லை”ன்னு தோணுற கனம், மூணு மணி நேரத்துக்கு அப்புறம் அந்தத் தசையில தெரியும்.

இடது காலுக்கு நழுவுற சோல் வேணும், வலதுக்குப் பிடிக்கிற சோல் வேணும். ஏன்னா வலது முழங்கால் இடம் வலமா அசைஞ்சு லீவரைத் தள்ளும்போது பாதம் பெடல் மேல அப்படியே இருக்கணும். அதுக்காக ரொம்பப் பிடிச்சாலும் தொல்லைதான். முழங்கால் திரும்பும்போது வாலியூம் பெடலையே திருகி இழுத்துட்டு வந்துடும்.

ஒரே ஜோடியில ஒரு கால் வழுக்கவும் ஒரு கால் பிடிக்கவும் எங்கே போறதுன்னு கேட்பே. பௌலிங் விளையாடுறவங்க போடுற ஷூவைப் பாரு! வலதுகையால பந்தை உருட்டுறவங்களுக்குன்னு செய்யுற ஜோடியில இடது சோல் வழுக்கும், வலது சோல் பிடிக்கும். நமக்காகவே தைச்ச மாதிரி இருக்கும். பௌலிங் கூடத்துல வாடகைக்குக் கொடுக்கிறதுல பெரும்பாலும் ரெண்டு காலும் வழுக்குற வகையாத்தான் இருக்கும், அதை வெச்சு முடிவு பண்ணாதே.

கவ்பாய் பூட்ஸ்

இதைப் பத்திப் பேசாம விட்டா நீயே கேட்பே. கன்ட்ரி பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில்ல பிராட்வே தெருவுல நடந்தா, பாட்டு கேட்கிற ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்துல ஒரு பூட்ஸ் கடை. பழைய படங்கள்ல ஜிகினா வேலை செஞ்ச கோட்டும் பூட்ஸுமா ஸ்டீல்காரங்க உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா, பூட்ஸ் இல்லாம இந்த வாத்தியமே இல்லைன்னு தோணும்.

ஆனா அது குதிரைக்காகச் செஞ்ச ஷூ. கூர் முனை அங்கவடிக்குள்ள கால் சுலபமா நுழையறதுக்கு. ஹீல் உயரம் அங்கவடியைத் தாண்டிக் கால் முன்னாடி போயிடாம இருக்கிறதுக்கு. வழுவழு தோல் சோல் விழுந்தா கால் சட்டுனு வெளியே வர்றதுக்கு. இதுல நமக்கு உதவுறது எதுன்னு பாரு: தோல் சோல் பெடல் மேல அழகா நழுவும். நடுவுல வெச்சிருக்கிற இரும்புப் பட்டை பாதம் வளையாம பார்த்துக்கும், ஏ, பி ரெண்டும் சமமா இறங்கும். கூர் முனை சி பெடலைத் தொடாது. அதனாலதான் பூட்ஸுலயே காலம் பூரா வாசிச்சவங்க அதை விட மாட்டேங்குறாங்க. அவங்களைப் பைத்தியக்காரங்கன்னு நினைக்காதே.

இடைஞ்சல் எதுன்னா, உயரமான தோல் குழாய் கணுக்காலை மூடிப் பிடிக்கிறதும் ஹீல் உயரமும்தான். ஹீல் ஒரு அங்குலம் உயர்ந்தா முழங்காலும் அந்த அளவுக்கு மேல போகும். இடது முழங்காலுக்கு மேல ஒரு லீவர் இருக்கும், முழங்காலை உயர்த்தி அதைத் தள்ளணும். வீட்டுல தட்டை ஷூவோட அதுக்கும் தொடைக்கும் நடுவுல நல்ல இடைவெளி விட்டு வெச்சிருப்பே. பூட்ஸ் மாட்டினதும் அந்த இடைவெளி போயிடும், நீ தொடாமலே லீவர் அழுந்தும். சுருதி போச்சுன்னு நீ கம்பியை முறுக்குவே, கோளாறு ஹீல்ல இருக்கும். வலது பக்கம் இன்னும் மோசம், ஏற்கெனவே அந்தக் கால் வாலியூம் பெடல் உயரத்துக்கு மேல உட்கார்ந்திருக்கு.

பேண்டுல எல்லாரும் பூட்ஸ்தான் போடணும்னு சொன்னா, ‘ரோப்பர்’னு கேட்டு வாங்கு. ஹீல் தாழ்வு, முனை உருண்டை, குழாயும் குட்டை. வாங்கினதும் மேடைக்குப் போட்டுக்கிட்டுப் போகாதே. தோல் பழகுற வரைக்கும் வீட்டுல நட, அதுலயே பயிற்சி பண்ணு, கிட்டாரோட உயரத்தையும் அதுக்கேத்தபடி மாத்து. தடித்தடியா பல் வெச்ச ரப்பர் சோல் பூட்ஸ் வேண்டவே வேண்டாம். பெடலோட விளிம்பு அந்தப் பள்ளத்துல மாட்டிக்கும்.

மத்தது என்னவெல்லாம் இருக்கு

என்கிட்ட யோசனை கேட்டா, சர்ச் ஆர்கன் வாசிக்கிறவங்க போடுற ஷூவை முதல்ல சொல்வேன். அவங்களும் காலால சுரம் வாசிக்கிறவங்கதான். மெல்லிய ஸ்வேட் தோல் சோல், விளிம்பு நீட்டாது, எடை கிடையாது. ஒண்ணேகால் அங்குல அளவுக்கு ஒரு ஹீல் இருக்கும், அதுக்குத் தகுந்தபடி கிட்டாரை உயர்த்திட்டா போதும். பால்ரூம் டான்ஸ் ஷூவும் இதே ஜாதி, ஆண்களோடது தாழ்ந்த ஹீல்ல வரும். ஜாஸ் டான்ஸ் ஷூ இன்னும் லேசு, ஆனா சிலது ரொம்ப மடங்கும், முறுக்கிப் பார்த்து வாங்கு.

சாதாரண தட்டை கான்வாஸ் ஷூ மலிவு, எங்கயும் கிடைக்கும். ரப்பர் மட்டும் புதுசுல ரொம்ப ஒட்டும், கொஞ்ச நாள் வெளியே நடந்து தேய்ச்சுட்டு அப்புறம் பெடலுக்குக் கொண்டு வா. மொக்காசின் நல்லது, குறிப்பா கார் ஓட்டுறதுக்குன்னு செய்யுறது. மேடைக்கு ஃபார்மலா போகணும்னா, சோல் மெல்லிசான கறுப்புத் தோல் ஷூ கண்ணுக்கும் லட்சணம், காலுக்கும் வசதி. சர்ச்சுல ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில வாசிக்கிறவங்களுக்கு அதுதான் சரிப்படும். பெடல் ஸ்டீல் கலைஞர் ராபர்ட் ராண்டால்ஃப் அந்த மாதிரி ஒரு சபையோட ஸ்டீல் மரபுல இருந்துதான் வெளியே வந்தார். ஹீல்ஸ் செருப்பைப் பத்திக் கேட்கவே கேட்காதே. ஊசி ஹீல்ல கணுக்காலைச் சாய்ச்சா சுளுக்கத்தான் செய்யும்.

உடையைப் பத்தியும் ஒரு வரி. புடவை, பலாசோ, அகலப் பாவாடை எல்லாம் முழங்கால் லீவர்ல சுத்திக்கும். ஒட்டின பேண்ட் போடு, பாக்கெட்ல சாவியும் போனும் வேண்டாம். ஷூ லேஸோட முடிச்சை உள்ளே செருகு. தொங்குற லேஸ், பெடலுக்கும் கிட்டாருக்கும் நடுவுல நிக்கிற கம்பித்தண்டுல மாட்டினா, எழுந்திருக்கும்போது வாத்தியமே கூட வரும்.

ஷூ வந்த பிறகு செய்ய வேண்டியது

புது ஷூவைப் போட்டுக்கிட்டு, வழக்கமா உட்காருற சீட்லயே உட்காரு. பாதத்தைப் பெடல் மேல சும்மா வை, அழுத்தாதே. குதிகால் தரையில நிம்மதியா இருக்கா? விரல் பக்கம் மேல பார்த்து மடங்கி நிக்குதுன்னா பெடல் உயரம் அதிகம். பெடலைத் தூக்கிப் பிடிக்கிற தண்டுகளோட நீளத்தைத் திருகி மாத்தலாம், கிட்டாரோட கால்களையும் ஏத்தி இறக்கலாம். முதல் தடவை தெரிஞ்சவங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் செய். ஏ, பி ரெண்டும் ஒரே உயரத்துல இருக்கணும்னு கட்டாயம் இல்ல. சாய்ப்புக்கு வசதியா ஒண்ணை ஒரு நூலிழை ஏத்தி வைக்கிறவங்களும் உண்டு, வாசிச்சுப் பார்த்து முடிவு பண்ணு. அப்புறம் இடது முழங்காலுக்கு மேல இருக்கிற லீவருக்கும் தொடைக்கும் நடுவுல இடைவெளி பாரு. கடைசியா வலது பக்கம், வாலியூம் பெடலைப் பின்னாடி முழுசா சாய்ச்சப்போ தொடை கிட்டாரோட அடியில இடிக்குதான்னு பாரு.

ஏ, பி அழுத்து. ஏயை விடு, திரும்ப அழுத்து. பியை விடு, திரும்ப அழுத்து. குதிகால் தரையில நகர்ந்துக்கிட்டே போச்சுன்னா சோல் தரைக்கு ரொம்ப வழுக்குது. ஒரு சின்னக் கம்பளத்துண்டு வாங்கி கிட்டாருக்கு அடியில விரி, அதையே எல்லா இடத்துக்கும் எடுத்துக்கிட்டுப் போ. டெக்சாஸ் டான்ஸ் ஹால்ல தரையில மெழுகுத்தூள் தூவி வெச்சிருப்பாங்க, ஆடுறவங்க கால் வழுக்கிப் போக. அதுல நடந்து வந்து அப்படியே பெடல்ல கால் வெச்சா பாதம் எங்கே போகும்னு சொல்ல முடியாது. அதனால மேடை ஷூவை மேடையில மாட்டு, இறங்கும்போது கழட்டு. ஸ்டீல்காரங்க உட்காருற சீட்டுக்குள்ள பெரும்பாலும் ஒரு பெட்டி இருக்கும். கேபிளும் பாரும் வைக்கிற அந்த இடத்துலயே ஷூவும் தங்கட்டும்.

ஸ்வேட் சோல் அழுக்கேறி பளபளன்னு ஆயிட்டா சின்னக் கம்பி பிரஷ்ஷால ஒரே திசையில தேய். தண்ணி காட்டாதே. சோல் தேய்ஞ்சு மாத்துறதா இருந்தா, பழைய சோலோட கனத்தையே போடச் சொல்லு. கொஞ்சம் தடிச்சாலும் பெடல் உயரத்தைத் திரும்பப் பார்க்கணும்.

காலையும் கொஞ்சம் பார்த்துக்கோ

சாயங்காலமா கடைக்குப் போ. நாள் முழுக்க நின்னு நடந்த பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், மேடை ஏறுற நேரத்துப் பாதமும் அதுதான். வாசிக்கும்போது போடுற அதே சாக்ஸோட போ. ரெண்டு காலையும் போட்டுப் பாரு, நிறைய பேருக்கு ஒண்ணு பெரிசு. பெரிய காலுக்குத்தான் அளவு. முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், குதிகால் மட்டும் கழண்டு கழண்டு வரக் கூடாது. “போடப் போட இளகிடும்”னு விக்கிறவர் சொன்னா, நீளத்துக்கு அதை நம்பாதே. தோல் அகலத்துல கொஞ்சம் இளகும், நீளத்துல இளகாது.

நம்ம குடும்பத்துல சர்க்கரை வழிவழியா வருது, அதனால இதையும் சொல்லிடுறேன். பாதத்துல உணர்ச்சி மங்கியிருக்கிறவங்க வெறுங்காலாகவோ மெல்லிசு சோல்லயோ வாசிக்கக் கூடாது. பெடல் விளிம்பு புண்ணாக்கினாலும் தெரியாது. வாசிச்சு முடிச்சதும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வேணும். தட்டைப் பாதத்துக்கு டாக்டர் கொடுத்த உள்சோல் போடுறவங்க, அதை வெச்சே ஷூ அளவு பார்க்கணும், பெடல் உயரமும் அதோட சேர்த்துத்தான்.

செட்டுக்கு நடுவுல இடைவேளை விட்டா எழுந்து நில்லு. கணுக்காலை ரெண்டு பக்கமும் சுழற்று, சுவத்துல கையை ஊனி கெண்டைக்காலை நீட்டி இழு. ஷூ சரியா இருந்தும் ஒரே இடத்துல வலி நாள் கணக்கா நின்னா, ஷூவை மாத்திக்கிட்டே இருக்காதே, டாக்டரைப் பாரு.

ஒரு ஜோடி நல்லா ஒத்துப்போச்சுன்னா அதே அளவுல இன்னொரு ஜோடியும் வாங்கி வெச்சுடு. கம்பெனிக்காரங்க நமக்குப் பிடிச்ச மாடலைத்தான் முதல்ல நிறுத்துவாங்க. பின்னாடி நீ ரெண்டு நெக் வாங்கி சி6 ட்யூனிங்கும் வாசிக்க ஆரம்பிச்சா பெடல் எட்டு ஆயிடும். இடது கால் இன்னும் வலதுபக்கமாப் போய்ப் பக்கத்துப் பக்கத்துப் பெடல்களை ஜோடி ஜோடியா மிதிக்கணும். இப்போ மூணு பெடல்லயே உரசுற அந்த ஷூ அங்கே தாங்காது. அதை இன்னிக்கே வாசல்ல விடு, நடக்கப் போறதுக்கு நல்ல ஷூதான் அது.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு காரியம் செய். வீட்டு ஷூ ஸ்டாண்டுல இருக்கிற எல்லாத்தையும் வெளியே எடு, உன் வீட்டுக்காரரோடதையும் சேர்த்து. ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு அந்த ஏ, பி பயிற்சியைப் பண்ணிப் பாரு. கல்யாணத்துக்கு வாங்கி ஒரு தடவை போட்டுட்டு மூலையில போட்ட தோல் ஷூவே ஒத்துப்போனா, கடைக்குப் போற வேலையே இல்லை.